வட்டி, போனஸ், வரி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன: எக்செலில் எப்படித் தீர்ப்பது?

பாசிர்ரிஸ்_பேரேடு எழுதியது:

வணக்கம். ஒரு சிறு நிறுவனத்தின் அடுத்த ஆண்டு வரவுசெலவு முன்கணிப்பைத் தயார் செய்கிறேன். எல்லாத் தொகையும் சிங்கப்பூர் வெள்ளியில். ஷீட் இப்படி இருக்கிறது. (செல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். ஷீட்டில் வழக்கமான எழுத்துகள்தான்.)

பி1 வட்டி, போனஸ், வரிக்கு முந்தைய லாபம்: 500,000
பி2 ஆண்டுத் தொடக்கக் கடன்: 800,000
பி3 வட்டி விகிதம்: 5%

பி5 வட்டி: =பி3*(பி2+பி8)/2
பி6 போனஸ்: =10%*(பி1-பி5-பி7)
பி7 வரி: =17%*(பி1-பி5-பி6-102500)
பி8 ஆண்டிறுதிக் கடன்: =பி2-(பி1-பி5-பி6-பி7)

வட்டி சராசரிக் கடன்மேல். போனஸ் என்பது வட்டியும் வரியும் போன பிறகு மிஞ்சும் லாபத்தில் 10%. வரி போடும்போது போனஸும் வட்டியும் கழியும். கையில் மிஞ்சும் பணம் முழுவதும் கடனை அடைக்கப் போகிறது. 102,500 என்பது பகுதி வரி விலக்கு (முதல் 10,000-இல் 75%, அடுத்த 190,000-இல் 50%).

பி8-ஐ எழுதி என்டர் தட்டியதும் சர்குலர் ரெஃபரன்ஸ் (செல்கள் ஒன்றையொன்று சார்ந்து சுற்றும் நிலை) எச்சரிக்கை வருகிறது, செல்லில் 0 நிற்கிறது. இட்டரேஷனை (அதே செல்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை) ஆன் செய்தால் ஏதோ ஒரு எண் வருகிறது. அதை நம்பலாமா? நம்பலாம் என்றால் சரிபார்ப்பது எப்படி? கூடாது என்றால் மாற்று வழி என்ன?

---

வரிசை_நிரல் எழுதியது:

வணக்கம். உங்கள் ஷீட்டில் தவறில்லை. நான்கு அறியாத எண்கள், நான்கு சமன்பாடுகள். எக்செல் ஒரு செல்லைக் கணக்கிட அதற்கு முந்திய செல் முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இங்கே எதுவும் முந்தியது இல்லை, அதனால்தான் நின்றுவிடுகிறது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்:

வட்டி 30,685.13
போனஸ் 41,399.42
வரி 55,320.63
ஆண்டிறுதிக் கடன் 427,405.18

இட்டரேஷன் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க, ஃபைல் > ஆப்ஷன்ஸ் > ஃபார்முலாஸ் பகுதியில் எனேபிள் இட்டரேட்டிவ் கால்குலேஷனை டிக் செய்து, மேக்சிமம் இட்டரேஷன்ஸை 1 ஆக்குங்கள். பிறகு எஃப்9-ஐ ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். நான்கு செல்லும் 0-இல் தொடங்கி மேலிருந்து கீழாகக் கணக்கிட்டால் இப்படி நகரும்:

1-ஆம் சுற்று: வட்டி 20,000.00, போனஸ் 48,000.00, வரி 56,015.00, கடன் 424,015.00
2-ஆம் சுற்று: வட்டி 30,600.38, போனஸ் 41,338.46, வரி 55,345.40, கடன் 427,284.24
3-ஆம் சுற்று: வட்டி 30,682.11, போனஸ் 41,397.25, வரி 55,321.51, கடன் 427,400.87
4-ஆம் சுற்று: வட்டி 30,685.02, போனஸ் 41,399.35, வரி 55,320.66, கடன் 427,405.03
5-ஆம் சுற்று: வட்டி 30,685.13, போனஸ் 41,399.42, வரி 55,320.63, கடன் 427,405.17

கடன் எண்ணைப் பாருங்கள். 2-ஆம் சுற்றில் விடைக்கு 121 வெள்ளி குறைவு, அடுத்ததில் 4 வெள்ளி 31 காசு, அதற்கடுத்து 15 காசு. பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் இருக்கும்வரை எண்ணை நம்பலாம். 17%, 10%, 2.5% என்று பெருக்கிகள் எல்லாம் சிறியவையாக இருப்பதால்தான் இவ்வளவு வேகம்.

இட்டரேஷனே வேண்டாம் என்றால் சமன்பாடுகளை வரிசைப்படுத்தி மேட்ரிக்ஸாகத் தீர்க்கலாம். கடன் சமன்பாட்டை வட்டிக்குள் வைத்துவிட்டால் அறியாதவை மூன்றுதான். டி2 முதல் ஜி4 வரை இப்படி:

டி2 முதல் ஜி2: 0.975, -0.025, -0.025, 27,500
டி3 முதல் ஜி3: 0.1, 1, 0.1, 50,000
டி4 முதல் ஜி4: 0.17, 0.17, 1, 67,575

நிரல்கள் முறையே வட்டி, போனஸ், வரி. கடைசி நிரல் மாறிலி. விடை வேண்டிய இடத்தில் (எம்இன்வர்ஸ் மேட்ரிக்ஸின் நேர்மாறு, எம்மல்ட் மேட்ரிக்ஸ் பெருக்கல்):

=எம்மல்ட்(எம்இன்வர்ஸ்(டி2:எஃப்4),ஜி2:ஜி4)

எக்செல் 365-இல் மூன்று செல்லுக்கு விடை தானாக வழியும். பழைய பதிப்பு என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று செல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஃபார்முலாவை எழுதி, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர்.

ஒரு கவனம்: 0.975, 27,500 போன்றவற்றைக் கையால் தட்டாதீர்கள். டி2-இல் =1-பி3/2, டி2-க்கு வலப்புறம் இரண்டிலும் =-பி3/2, ஜி2-இல் =பி3/2*(2*பி2-பி1) என்று மூலச் செல்களிலிருந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் வட்டி விகிதத்தை 6% ஆக்கும் அன்று ஷீட் பழைய விடையையே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

---

பாசிர்ரிஸ்_பேரேடு எழுதியது:

மிக்க நன்றி. அதே எண்கள்தான் எனக்கும் வருகின்றன. அப்படியானால் இட்டரேஷனை ஆன் செய்து இதே கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பிவிடலாமா? அவர் தம் கணினியில் திறந்து விகிதங்களை மாற்றிப் பார்ப்பார்.

---

ஊட்ரம்_தணிக்கை எழுதியது:

அனுப்பாதீர்கள் என்பதுதான் என் பதில். எண் சரி. ஆனால் அந்த அமைப்பு மற்றவர் கணினியில் நீங்கள் நினைப்பதுபோல் நடந்துகொள்ளாது.

இட்டரேஷன் அமைப்பு கோப்போடு சேமிக்கப்படுகிறது. ஆனால் எக்செல் அதைக் கோப்புக்கு ஒன்றாகப் பின்பற்றுவதில்லை. அன்று முதலில் திறந்த கோப்பின் அமைப்பே திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஆளும். அவர் காலையில் வேறொரு கோப்பைத் திறந்துவைத்து, பிறகு உங்களுடையதைத் திறந்தால் எச்சரிக்கைப் பெட்டிதான் வரும். உங்களுடையதை முதலில் திறந்தாரானால் இன்னும் மோசம். அவருடைய மற்ற கோப்புகளிலும் இட்டரேஷன் ஆன் ஆகிவிடும், அங்கே தவறிப்போய் உண்டான சுற்றுகளை எக்செல் இனிச் சொல்லாது. பி10-இல் யாராவது =சம்(பி2:பி10) என்று எழுதிவிட்டால் சாதாரணமாக உடனே எச்சரிக்கை வரும். இட்டரேஷன் ஆன் என்றால் ஒவ்வொரு கணக்கீட்டிலும் அந்த மொத்தம் நூறு முறை தன்மேல் தானே கூடி ஊதிக்கொண்டே போகும். கணக்கு வேலையில் இதைவிட ஆபத்தான பிழை குறைவு, ஏனென்றால் திரையில் தெரிவது ஒரு சாதாரண எண்.

இரண்டாவது, பிழை ஒட்டிக்கொள்ளும். யாராவது பி3-இல் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிட்டால் பி5-இல் #வேல்யூ! வரும். அது பி6, பி7, பி8 வழியாகச் சுற்றிவந்து மறுபடி பி5-க்குள் நுழையும். பிறகு பி3-ஐத் திருத்தினாலும் பிழை போகாது. பி5 கணக்கிடப் பி8 வேண்டும், பி8-இல் பிழை இருக்கிறது. எனவே சுற்று வைப்பவர்கள் கட்டாயம் ஒரு சுவிட்ச் செல்லும் வைக்க வேண்டும்:

பி10: 0
பி5: =இஃப்(பி10=1,0,பி3*(பி2+பி8)/2)
பி6: =இஃப்(பி10=1,0,10%*(பி1-பி5-பி7))

பி10-ஐ 1 ஆக்கினால் சுற்று அறுபட்டு எல்லாச் செல்லும் சுத்தமாகும். திரும்ப 0 ஆக்கினால் மீண்டும் ஓடும். உங்கள் ஷீட்டில் சுவிட்ச் இரண்டு இடத்தில் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பி5-இல் மட்டும் வைத்தால் கடன்–வட்டிச் சுற்றுதான் அறும். போனஸும் வரியும் தமக்குள் தனியாக ஒரு சுற்று வைத்திருக்கின்றன, பிழை அங்கேயே தங்கிவிடும். சிலர் இதற்கு இஃப்எரர் போடுவார்கள். அது தானாகச் சரியாகும், ஆனால் உண்மையான பிழையையும் 0 என்று மறைத்துவிடும். சுவிட்சே மேல்.

மூன்றாவது, இட்டரேஷன் அமைப்பில் இருக்கும் மேக்சிமம் சேஞ்ச் 0.001 என்பதைப் பலர் 'விடை 0.001-க்குள் சரி' என்று படிக்கிறார்கள். அப்படி அல்ல. கடைசிச் சுற்றில் செல் எவ்வளவு நகர்ந்தது என்பதே அது. உங்கள் ஷீட்டில் பிழை முப்பதில் ஒன்றாகச் சுருங்குவதால் வேறுபாடு தெரியாது. பிழை சுற்றுக்கு 1% மட்டுமே குறையும் ஷீட்டில், நகர்வு 0.001 ஆகும்போது உண்மையான பிழை இன்னும் 0.1 அளவில் இருக்கும். கூகுள் ஷீட்ஸில் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே ஃபைல் > செட்டிங்ஸ் > கால்குலேஷனில் ஆன் செய்தால் இயல்பாக 50 சுற்று, வரம்பு 0.05. அதை 0.0001-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க் ஒருவிதத்தில் நல்லது, குவியாவிட்டால் (எண் ஓரிடத்தில் நிலைக்காவிட்டால்) 523-ஆம் எண் பிழை என்று வெளிப்படையாகச் சொல்லும். எக்செல் 100 சுற்று முடிந்ததும் கையில் இருப்பதைக் காட்டிவிட்டு அமைதியாக நின்றுவிடும்.

சரிபார்ப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சுற்றுக்கு வெளியே ஒரு செல்லில் இதை எழுதுங்கள்:

=பி5-பி3*(பி2+பி8)/2

மற்ற மூன்று சமன்பாடுகளுக்கும் இதேபோல். சுவிட்ச் 0-ஆக இருக்கும்போது நான்கும் அரைக் காசுக்குக் கீழே இருக்க வேண்டும்.

---

தேக்கா_கணக்கு எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தச் சுற்றில் பாதி ஷீட்டில் மட்டும்தான் இருக்கிறது, நிறுவனத்தின் பணப்போக்கில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் நிறுவன வருமான வரி முந்தைய ஆண்டு வருமானத்தின்மேல். 2025 நிதியாண்டு லாபம் 2026 மதிப்பீட்டு ஆண்டில் வரிக்கு வரும். ஆண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் உத்தேச வருமானத்தைத் தாக்கல் செய்து, அதன் பிறகுதான் பணம் கட்டத் தொடங்குகிறோம். ஆக இந்த ஆண்டு வரி இந்த ஆண்டுக் கடனைப் பாதிக்காது. ஆண்டு லாபம் தெரிந்த பிறகு கொடுக்கும் போனஸும் அப்படியே. இரண்டும் ஆண்டிறுதியில் செலுத்த வேண்டிய தொகையாக நிற்கும். இந்த ஆண்டு வெளியே போவது கடந்த ஆண்டின் வரியும் போனஸும். அவை தெரிந்த எண்கள். அவற்றை ஒரு தனிச் செல்லில் போட்டு, கையிருப்பிலிருந்து கழியுங்கள். (கீழே எளிமைக்காக அவற்றை 0 என்று வைத்திருக்கிறேன்.)

இப்படிச் செய்ததும் பெரிய சுற்று இரண்டு சின்னச் சுற்றுகளாக உடைகிறது. இரண்டையும் பள்ளிக் கணிதத்திலேயே தீர்க்கலாம்.

வட்டி: =பி3*(2*பி2-பி1)/(2-பி3)
உங்கள் எண்களில் 28,205.13. இதற்கு ஆண்டிறுதிக் கடன் தேவையே இல்லை.

போனஸ்: =10%*((பி1-பி5)*(1-17%)+17%*102500)/(1-10%*17%)
விடை 41,608.82. கீழே இருக்கும் 0.983 தான் சுற்று முழுவதையும் உள்ளடக்கியது.

வரி: உங்கள் பி7 அப்படியே, 55,706.63. இப்போது பி6 பி7-ஐப் பார்ப்பதில்லை, எச்சரிக்கையும் வராது.

இட்டரேஷன் இல்லை, மேட்ரிக்ஸ் இல்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே விடை. மாதவாரியாக முன்கணிப்பு போடுவதாக இருந்தால் வட்டியையும் மாதத் தொடக்கக் கடனின்மேல் 5%/12 என்று போடுங்கள். அந்தச் சுற்றும் தானே மறைந்துவிடும். ஆண்டுச் சராசரி என்பது எப்படியும் ஒரு தோராயம். தோராயத்துக்காகச் சுற்றுக் கணக்கை இழுத்துவருவது தேவையில்லாத வேலை.

இதே வகையில் இங்கே அடிக்கடி வரும் இன்னொன்று: வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வட்டிக்கு 15% பிடித்தவரி (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி). அவர் கைக்கு முழுசாக 10,000 போக வேண்டும், வரியை நாமே ஏற்கிறோம் என்றால் வரி 1,500 அல்ல. வரியையும் சேர்த்த தொகைமேல்தான் வரி. 10,000/0.85 = 11,764.71, ஆக வரி 1,764.71. இதையும் சுற்றாக எழுதிவைத்திருப்பார்கள். ஒரு வகுத்தல் போதும்.

---

வரிசை_நிரல் எழுதியது:

தேக்கா_கணக்கு சொன்னது சரியான திருத்தம். கேட்ட சமன்பாட்டைத் தீர்த்தேனே தவிர, சமன்பாடு சரிதானா என்று நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 102,500-ஐ நிலையாக வைத்த எந்த ஃபார்முலாவும் வரிக்குரிய வருமானம் 200,000-ஐத் தாண்டும்போதுதான் பொருந்தும். லாபம் குறையும் நிலையையும் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் விலக்கைத் தனிச் செல்லில் எழுதுங்கள். எச்1-இல் வரிக்குரிய வருமானம் இருந்தால்:

=75%*மின்(எச்1,10000)+50%*மேக்ஸ்(0,மின்(எச்1,200000)-10000)

எச்1 எதிர்மறையாகப் போனால் 0 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி எழுதியதும் விலக்கு போனஸைச் சார்ந்துவிடும், மறுபடி சுற்று. அப்போது போனஸை ஒரே ஃபார்முலாவில் அடக்க முடியாது. கோடு மூன்று இடத்தில் வளைகிறது.

அந்த நிலைமைக்குச் சுற்றை விரித்துவைப்பது நல்லது. ஜே நிரலில் போனஸ் 0 என்று தொடங்குங்கள். அதன்கீழ் விலக்கு, வரி. கே நிரலின் போனஸ், ஜே நிரலின் வரியை வைத்து. எல் நிரல் கே-ஐ வைத்து. எட்டு நிரல் வலப்புறம் இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிரலும் ஒரு சுற்று. போனஸ் பிழை ஒவ்வொரு நிரலிலும் 0.017 மடங்காகச் சுருங்குவதால் ஐந்தாவதிலேயே காசுக்குக் கீழே போய்விடும். கடைசி இரண்டு நிரலின் வித்தியாசமே உங்கள் சரிபார்ப்பு. சர்குலர் ரெஃபரன்ஸ் எங்கும் இல்லை, ஆடிட்டர் ஒவ்வொரு படியையும் விரல் வைத்துப் பார்க்கலாம்.

---

பாசிர்ரிஸ்_பேரேடு எழுதியது:

விரித்துவைக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வரி, போனஸ் நேரத்தையும் திருத்திவிட்டேன். கடைசியாக ஒன்று. இன்னொரு ஷீட்டில் 'போனஸ் போக லாபம் 460,000-க்குக் குறையாவிட்டால் மட்டும் 50,000 போனஸ்' என்று நிபந்தனை இருக்கிறது. லாபம் 500,000. அங்கே எட்டு நிரல் போட்டும் எண் நிற்கவில்லை. 0, 50,000, 0, 50,000 என்று மாறிமாறி வருகிறது. நிரலை இருபதாக்கினாலும் அப்படியே.

---

ஊட்ரம்_தணிக்கை எழுதியது:

இருநூறாக்கினாலும் நிற்காது, ஏனென்றால் விடை இல்லை. போனஸ் 0 என்றால் லாபம் 500,000. நிபந்தனை நிறைவேறுகிறது, ஆக 50,000 கொடுக்க வேண்டும். கொடுத்தால் லாபம் 450,000. நிபந்தனை தவறுகிறது, ஆக 0. 460,000 முதல் 510,000-க்குக் கீழ் வரை லாபம் எங்கே இருந்தாலும் இதே கதி.

இட்டரேஷனில் இதை ஓட்டியிருந்தால் எக்செல் இரண்டில் ஒன்றை விடைபோல் காட்டியிருக்கும். மேக்சிமம் இட்டரேஷன்ஸ் 100 என்றால் ஒன்று, 99 என்றால் மற்றொன்று. கையில் இருக்கும் எந்தச் சுற்று ஷீட்டையும் இப்படிச் சோதியுங்கள்: சுவிட்சை 1 ஆக்கி, 0 ஆக்கி 100 சுற்று ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 99 வைத்து அதையே செய்யுங்கள். எண் மாறினால் அந்த ஷீட் எதையும் தீர்க்கவில்லை.

விடை இருந்தும் குவியாத வகை வேறு. 3எக்ஸ்+ஒய்=9, எக்ஸ்+2ஒய்=8 என்று வையுங்கள். விடை 2, 3. முதலாவதிலிருந்து எக்ஸ்=(9-ஒய்)/3, இரண்டாவதிலிருந்து ஒய்=(8-எக்ஸ்)/2 என்று எழுதினால் பிழை சுற்றுக்கு ஆறில் ஒன்றாகச் சுருங்கும். அதே இரண்டையும் இடம் மாற்றி ஒய்=9-3எக்ஸ், எக்ஸ்=8-2ஒய் என்று எழுதினால் பிழை சுற்றுக்கு ஆறு மடங்காகும்: எக்ஸ் 8, 38, 218 என்று ஓடி, நூறு சுற்றில் 78 இலக்க எண்ணாகும். எஃப்9-ஐ நாலைந்து முறை தட்டினால் #நம்! வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தச் சமன்பாட்டில் எந்த அறியாததற்குப் பெரிய பெருக்கி இருக்கிறதோ, அதை அந்தச் சமன்பாட்டிலிருந்து எடுங்கள்.

உங்கள் 460,000 விஷயத்துக்கு ஷீட்டில் செய்ய ஒன்றுமில்லை. நிபந்தனையை எழுதியவரிடம் கேளுங்கள்: 460,000 என்பது போனஸுக்கு முந்தைய லாபமா, பிந்தையதா? பிந்தையது என்றால், 460,000-ஐத் தொடும்வரை போனஸைக் குறைத்துக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் =மேக்ஸ்(0,மின்(50000,பி1-460000)), விடை 40,000, சுற்றும் இல்லை.

---

பாசிர்ரிஸ்_பேரேடு எழுதியது:

கேட்டுவிட்டேன். போனஸுக்கு முந்தைய லாபம் என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஷீட்டில் தவறாக எழுதியிருந்தது. =இஃப்(பி1>=460000,50000,0). அனைவருக்கும் நன்றி.